ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு வீடு: பிரெடெரிக்ஸ்பர்க் ஊரின் கதை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரிலிருந்து வடமேற்கே ஒன்றேகால் மணி நேரம் காரில் போனால் பிரெடெரிக்ஸ்பர்க் என்ற சின்ன ஊர் வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 10,875 பேர். அந்த ஊரின் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் பொம்மை வீடு மாதிரி சில குட்டி வீடுகள் கண்ணில் படும். கீழே ஒரே ஓர் அறை, சிலவற்றில் இரண்டு. முன்னால் ஒரு தாழ்வாரம். கூரையை ஒட்டி ஒரு பரண். பரணுக்கு ஏறும் படிக்கட்டு மட்டும் வீட்டுக்கு வெளியே, பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து மேலே போக வழியே கிடையாது.

இவற்றுக்கு 'ஞாயிறு வீடுகள்' என்று பெயர். வாரத்தில் பெரும்பாலான நாள் இவை பூட்டியே கிடந்தன. சனிக்கிழமை ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கும். ஞாயிறு தேவாலயத்துக்குப் போய்விட்டு, அன்று மாலைக்குள் திரும்பிவிடும். பரணில் பையன்கள் தூங்குவார்கள். வெளியே படி இருந்தால் உள்ளே இடம் மிச்சம், அவ்வளவுதான் அந்தக் கட்டடக்கலையின் ரகசியம்.

வாரம் ஒரு ராத்திரி தங்குவதற்கு எதற்குத் தனியாக ஒரு வீடு? ஜெர்மனியில் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். இது டெக்சாஸில் பிறந்தது. குடியேறிகள் ஓர் ஊரை உருவாக்கினார்கள் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இந்தக் குட்டி வீட்டைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று, வந்த இடத்தின் மண் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் புதிதாக ஏதோ முளைக்கிறது.

சரி, முதலிலிருந்து வருவோம்.

பிரபுக்கள் வாங்கிய நிலம்

1840களில் ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. பிரஷ்யா, ஹனோவர், நாசாவ், ஹெஸ்ஸே என்று பெரிதும் சிறிதுமாகப் பல அரசுகள். அவை ஒரே நாடானது 1871இல்தான். ஆகவே இந்தக் கதையில் 'ஜெர்மானியர்' என்று சொல்லும்போதெல்லாம், ஒரே மொழியைப் பல வட்டார வழக்குகளில் பேசிய, பல ராஜாக்களின் குடிமக்களாக இருந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்கு அங்கே என்ன குறை? மக்கள் பெருகினார்கள், நிலம் பெருகவில்லை. பல பகுதிகளில் அப்பாவின் வயலைப் பிள்ளைகள் பங்கு போட்டுப் போட்டு, ஒரு குடும்பம் பிழைக்க முடியாத துண்டுகளாக ஆகியிருந்தன. ஆலைகள் வந்ததால் நெசவாளிக்கும் கைவினைஞனுக்கும் வேலை குறைந்தது. 1845 முதல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சமும் சேர்ந்துகொண்டது. கப்பலேறுவது என்பது பலருக்கு அப்போது வீட்டுப் பேச்சாகிவிட்டது.

இந்தச் சமயத்தில், 1842 ஏப்ரலில், ரைன் நதிக்கரையில் மைன்ஸ் நகருக்கு அருகே பீப்ரிஹ் என்ற இடத்தில் 21 பிரபுக்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். டெக்சாஸில் ஜெர்மானியரைக் குடியேற்றுவது நோக்கம். நீளமான அதிகாரப்பூர்வப் பெயர் ஒன்று இருந்தாலும், 'ஆடெல்ஸ்ஃபெரைன்', அதாவது பிரபுக்கள் சங்கம், என்ற பெயரே நிலைத்தது. டெக்சாஸ் அப்போது அமெரிக்காவோடு சேராத தனிக் குடியரசு. 1845 டிசம்பரில்தான் அது அமெரிக்காவின் மாநிலமாயிற்று. ஆளில்லாத நிலத்துக்கு ஆள் வேண்டும் என்று அந்தக் குடியரசு தேடிக்கொண்டிருந்தது.

சங்கம் கொடுத்த வாக்குறுதி கேட்க நன்றாகவே இருந்தது. ஒரு குடும்பம் 600 கில்டர் கட்ட வேண்டும், தனி ஆள் என்றால் 300. அதற்குக் கப்பல் பயணம், ஒரு மரவீடு, குடும்பத்துக்கு 320 ஏக்கர், தனி ஆளுக்கு 160 ஏக்கர். ஊரில் கால் காணியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தவன் காதில் 320 ஏக்கர் என்ற சொல் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிக்கல் எங்கே என்றால், அந்த நிலத்தைச் சங்கத்தார் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. 1844இல் ஃபிஷர், மில்லர் என்ற இருவரிடமிருந்து அவர்கள் வாங்கியது நிலமே கிடையாது. லானோ, கொலராடோ ஆறுகளுக்கு இடையே முப்பது இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஆட்களைக் குடியேற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையை மட்டும்தான். அந்தப் பரப்பு கடற்கரையிலிருந்து சுமார் 300 மைல் உள்ளே இருந்தது. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்: கொமாஞ்சி மக்கள். அது அவர்களுடைய வேட்டைக் காடு. தென்சமவெளியில் குதிரைமேல் அவர்களை வெல்ல அப்போது யாரும் இல்லை.

சங்கத்தின் முதல் அதிகாரியாக வந்தவர் சோல்ம்ஸ்-பிரவுன்ஃபெல்ஸ் இளவரசர் கார்ல். அவர் 1845 மார்ச்சில் நியூ பிரவுன்ஃபெல்ஸ் என்ற ஊரை நிறுவிவிட்டு, கணக்கு வழக்கைக் குழப்பமாக விட்டுப் புறப்பட்டார். அடுத்து வந்தவர்தான் இந்தக் கதையின் முக்கியமான ஆள். பெயர் ஓட்ஃபிரீட் ஹான்ஸ் ஃபான் மோய்சபாக். பிறப்பால் இவரும் பிரபு. டெக்சாஸில் கால் வைத்ததும் பட்டத்தை உதறிவிட்டு, 'ஜான் மோய்சபாக்' என்று எளிமையாகப் பெயரை வைத்துக்கொண்டார். இவர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் பணம் இல்லை, கடன் இருக்கிறது. ஆனால் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 1845 அக்டோபருக்கும் 1846 ஏப்ரலுக்கும் இடையே மட்டும் 5,257 பேர் வந்து இறங்கினார்கள்.

இறங்கியவர்கள் கடற்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். பிறகு இந்தியனோலா என்று அழைக்கப்பட்ட அந்த மணல் திட்டில் வீடு கிடையாது. கூடாரத்திலும், மண்ணில் தோண்டிய குழியிலும் குளிர்கால மழையை நனைந்தே கழித்தார்கள். உள்ளே போக மாட்டுவண்டி ஏற்பாடு செய்திருந்தார்கள். 1846 மே மாதம் மெக்சிகோவோடு போர் மூண்டதும், இராணுவம் அதிகக் கூலி கொடுத்தது, வண்டிக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவின. நூற்றுக்கணக்கானோர் கரையிலும், பிறகு நடந்தே புறப்பட்ட வழியிலும் இறந்தார்கள். இன்றைக்கு அந்த ஊர்களில் பீரும் பாட்டுமாக நடக்கும் விழாக்களைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடற்கரைதான்.

பத்து ஏக்கரும் அரை ஏக்கரும்

சங்கம் வாங்கிய பரப்புக்கு நேராகப் போக முடியாது என்று மோய்சபாக்குக்குத் தெரிந்தது. நடுவழியில் ஓர் ஊர் வேண்டும். நியூ பிரவுன்ஃபெல்ஸிலிருந்து அறுபது மைல் வடமேற்கே, பெடர்னாலெஸ் ஆற்றுக்குச் சில மைல் வடக்கே, இரண்டு ஓடைகளுக்கு இடையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1846 மே 8 அன்று, 16 நாள் பயணத்துக்குப் பிறகு, 120 பேர் கொண்ட முதல் வண்டிக் கூட்டம் அங்கே வந்து சேர்ந்தது. சங்கத்தில் இருந்தவர்களிலேயே உயர்ந்த பதவியில் இருந்த பிரஷ்ய இளவரசர் ஃபிரெடெரிக்கின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். முதல் கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் நோய் மறுபடி தாக்கி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஊரை அளந்து போட்ட விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், ஞாயிறு வீட்டின் விதை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு குடியேறிக்கும் ஊருக்குள் அரை ஏக்கர் மனை, ஊருக்கு வெளியே 10 ஏக்கர் வயல். இது அவர்கள் பிறந்த ஊர்களின் அமைப்பு. வீடுகள் எல்லாம் ஓரிடத்தில் நெருங்கி இருக்கும், காலையில் வயலுக்கு நடந்து போய் மாலையில் திரும்புவார்கள். நல்ல மழையும் ஆழமான மண்ணும் உள்ள ரைன் பகுதியில் 10 ஏக்கர் என்பது கௌரவமான நிலம். டெக்சாஸின் இந்த மேட்டுப் பகுதியில் மண் மெல்லிய போர்வை மாதிரிதான் இருக்கும், அடியில் சுண்ணாம்புக் கல். மழையை நம்ப முடியாது. இங்கே 10 ஏக்கரில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது. ஆடுமாடு மேய்க்கலாம், ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் வேண்டும்.

ஆகவே மக்கள் ஊரை விட்டு விலகி, ஓடைக்கரைகளில் பண்ணை போட்டுப் பரவினார்கள். ஊரில் அரை ஏக்கர் மனை கையில் இருந்தது. தேவாலயம், கடை, மருத்துவர், உறவுக்காரர் எல்லாம் ஊரில். குதிரை வண்டியில் பத்துப் பதினைந்து மைல் என்பது அரை நாள் பயணம். போன அன்றே திரும்ப முடியாது. அப்போது அந்த மனையில் ஒரு குட்டி வீடு கட்டிப் போட்டால் என்ன? அதைத்தான் செய்தார்கள். 1890களிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இப்படி நிறைய வீடுகள் எழுந்தன. ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெபர் குடும்பத்தின் ஞாயிறு வீடு 1904இல் கட்டியது. சனிக்கிழமை வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி கொண்டுவந்து விற்பார்கள். காபி, சர்க்கரை, துணி வாங்குவார்கள். ராத்திரி நடனம். மறுநாள் காலை தேவாலயம். பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் படிக்கவும், பிரசவத்துக்கும், வயதானபின் பண்ணையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு ஓய்வாக உட்காரவும் இதே வீடு பயன்பட்டது. கார் வந்து, தார்ச்சாலை போட்டதும் தேவை தீர்ந்துவிட்டது.

வீடு கட்டிய முறையிலும் இதே கதைதான். மரச்சட்டம் அடித்து இடையில் மண்ணோ செங்கல்லோ அடைப்பது ஜெர்மன் கிராமங்களின் முறை. இங்கே ஓக் மரச்சட்டத்துக்கு நடுவே, காலில் இடறிக்கொண்டிருந்த சுண்ணாம்புக் கல்லை அடைத்தார்கள். பிறகு முழுவதுமே கல்லாலேயே கட்டினார்கள். ஊரின் பிரதானச் சாலை மிக அகலம். மாடு பூட்டிய வண்டியை ஒரே வீச்சில் திருப்ப அந்த அகலம் வேண்டியிருந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

1847இல் அந்தச் சாலையின் நடுவே ஓர் எண்கோணக் கட்டடம் கட்டினார்கள். பெயர் ஃபெரைன்ஸ் கிர்ஹே, சங்கத் தேவாலயம். எட்டுப் பக்கமும் மேலே ஒரு கூம்பு மண்டபமுமாகப் பார்க்கக் காபிக்கொட்டை அரைக்கும் கையந்திரம் மாதிரி இருந்ததால் 'காபி மில்' என்று செல்லப்பெயர். அதுவே தேவாலயம், பள்ளிக்கூடம், கூட்ட அரங்கம், ஆபத்து என்றால் கோட்டை. லுத்தரன், கத்தோலிக்கர் எல்லாருக்கும் ஒரே கூரை. பிறகு கத்தோலிக்கர் தனியாகக் கட்டிக்கொண்டார்கள், 1852இல் லுத்தரன்கள் பிரிந்து சீயோன் தேவாலயம் கட்டினார்கள். வசதி வந்ததும் பிரிவதும் எங்கும் உள்ளதுதான். பழைய கட்டடத்தை 1897இல் இடித்தார்கள். இப்போது நிற்பது 1930களில் கட்டிய மறுவடிவம்.

சிவப்புத் தாடிக்காரரின் உடன்படிக்கை

ஊர் நிறுவினாலும் கொமாஞ்சிகளின் நிலத்துக்குள் போகாமல் சங்கத்தின் ஒப்பந்தம் நிறைவேறாது. நிலத்தை அளந்தாக வேண்டும், அளப்பவர்கள் உயிருக்குப் பயந்தார்கள். 1847 ஜனவரியில் மோய்சபாக் சுமார் நாற்பது பேருடன் வடக்கே புறப்பட்டார். போக வேண்டாம் என்று டெக்சாஸ் ஆளுநர் ஆளனுப்பினார். அந்தத் தூதர் வந்து சேர்வதற்குள் மோய்சபாக் உள்ளே போய்விட்டிருந்தார். ஃபெர்டினாண்ட் ரோமர் என்ற ஜெர்மன் நிலவியல் அறிஞரும், டெலவேர் பழங்குடியைச் சேர்ந்த ஜிம் ஷா என்ற மொழிபெயர்ப்பாளரும் பிறகு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பயணத்தில் ஒரு காட்சி. கொமாஞ்சி வீரர்கள் திரளாக நின்று இவர்களை எதிர்கொண்டபோது, மோய்சபாக்கும் அவருடைய ஆட்களும் துப்பாக்கிகளை வானத்தை நோக்கிச் சுட்டுக் காலி செய்தார்கள். குண்டில்லாத துப்பாக்கியோடு உங்கள் நடுவே வருகிறோம் என்பது அதன் பொருள். அந்தச் செந்தாடி மனிதருக்குக் கொமாஞ்சிகள் 'எல் சோல் கொலராடோ', சிவப்புச் சூரியன், என்று பெயர் வைத்தார்கள்.

1847 மார்ச் 1, 2 தேதிகளில் சான் சபா ஆற்றங்கரையில் பேச்சு நடந்தது. எருமைத் திமில், சாந்தா அன்னா, கிழ ஆந்தை ஆகிய மூன்று தலைவர்கள் கொமாஞ்சிகள் பக்கம் முக்கியமானவர்கள். மே 9 அன்று பிரெடெரிக்ஸ்பர்க்கில் கையெழுத்தாயிற்று. ஜெர்மானியர் கொமாஞ்சிகளின் நிலத்துக்குள் பயமில்லாமல் போகலாம், அவர்கள் இவர்களுடைய ஊர்களுக்குள் வரலாம். தப்பு செய்தவன் எந்தப் பக்கத்து ஆளானாலும் கலந்து பேசித் தீர்க்க வேண்டும். லானோ ஆற்றங்கரையில் நிலம் அளக்கலாம். பதிலுக்கு 3,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள். இது ஓர் அரசும் இன்னொரு அரசும் போட்ட உடன்படிக்கை இல்லை. ஒரு குடியேற்றச் சங்கமும் ஓர் இனமும் நேருக்கு நேர் உட்கார்ந்து போட்டது.

ஆங்காங்கே சில தாக்குதல்கள் நடந்தாலும், அமெரிக்க மண்ணில் பழங்குடிகளோடு போட்ட உடன்படிக்கைகளில் மீறப்படாமல் நின்றவை வெகு சில, அவற்றில் இது ஒன்று என்று ஊர் இன்றும் பெருமைப்படுகிறது. பெருமையில் நியாயம் உண்டு. ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 1849இல் காலரா வந்து சாந்தா அன்னாவையும் எத்தனையோ கொமாஞ்சிகளையும் கொண்டுபோயிற்று. காட்டெருமைகள் அழிந்தன. 1875இல் கடைசிக் கொமாஞ்சிக் குழுவினரும் சரணடைந்து, இப்போதைய ஓக்லஹோமாவில் ஒதுக்கிய இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. உடன்படிக்கை நிலைத்தது, அதில் கையெழுத்திட்ட ஒரு தரப்பின் நிலம் நிலைக்கவில்லை.

அந்த ஆவணம் ஐரோப்பாவுக்குப் போய், 1970இல் டெக்சாஸுக்குத் திரும்பி வந்தது. இப்போது மாநில நூலகத்தில் இருக்கிறது. ஊரில் ஒரு கதையும் உலவுகிறது. பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் சுற்றிலுமுள்ள குன்றுகளில் கொமாஞ்சிகள் மூட்டிய தீயைப் பார்த்துக் குழந்தைகள் பயந்தார்களாம். ஈஸ்டர் முயல் முட்டை வேகவைக்கிறது, தூங்குங்கள் என்று ஒரு தாய் சொன்னாளாம். ஈஸ்டருக்கு முந்தின இரவில் குன்றில் தீ மூட்டுவது வட ஜெர்மனியில் பழைய வழக்கம். அதைத்தான் இங்கேயும் செய்தார்கள், முயல் கதை பின்னால் ஒட்டிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும், பயத்தைக் கதையாக்கித் தாலாட்டிய அந்தத் தாயை எனக்குப் பிடிக்கும்.

சரி, அத்தனை பாடுபட்டுப் பெற்ற நிலத்தில் என்ன நடந்தது? லானோ ஆற்றங்கரையில் காஸ்டெல், லைனிங்கன், பெட்டினா, ஷோன்பர்க், மேர்ஹோல்ஸ் என்று ஐந்து குடியிருப்புகள் போட்டார்கள். இன்று காஸ்டெல் மட்டும்தான் மிச்சம். பெட்டினா படித்த இளைஞர்கள் கூட்டாகச் சொத்து வைத்து வாழலாம் என்று தொடங்கிய குடியிருப்பு, ஒரு வருடம்கூட ஓடவில்லை. சங்கமே கடனில் மூழ்கிக் கலைந்தது. நடுவழித் தங்கலாக நினைத்த பிரெடெரிக்ஸ்பர்க்தான் நின்றது. அதற்குச் சில உதவிகளும் வாய்த்தன. நான்கு மைல் தள்ளிக் குடியேறியிருந்த மார்மன் என்ற மதப் பிரிவினர் மாவரைக்கும் ஆலை வைத்து, புது மண்ணில் பயிர் செய்யும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார்கள். 1848இல் பக்கத்தில் மார்ட்டின் ஸ்காட் கோட்டை வந்தது. படைவீரர்களுக்குத் தானியமும் இறைச்சியும் வேண்டுமே, விவசாயிக்குச் சந்தை கிடைத்தது. 1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியா போனவர்கள் இந்த வழியாகப் போனார்கள், கடைக்காரருக்கும் பிழைப்பு.

பிரிவினைக்கு எதிரான ஓட்டு

1861இல் அடிமை முறையைக் காக்கத் தென்மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்தபோது, டெக்சாஸும் ஓட்டெடுப்பு நடத்திப் பிரிந்தது. பிரெடெரிக்ஸ்பர்க் இருக்கும் கில்லஸ்பி மாவட்டத்தில் சுமார் 96 சதவீதம் பேர் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தார்கள். காரணம் எல்லாருக்கும் ஒன்று இல்லை. சிலர் அடிமை முறையை மனசாட்சிப்படி வெறுத்தார்கள். பலருக்கு அடிமை வைத்துப் பருத்தி போடும் விவசாயமே கிடையாது. சுதந்திரக் குடிமக்களாக ஏற்றுக்கொண்ட நாட்டுக்குக் கொடுத்த உறுதிமொழி இன்னொரு காரணம், எல்லைப்புறத்தில் இராணுவக் காவல் போய்விடுமே என்ற பயம் மற்றொன்று. ஜெர்மானியர் எல்லாரும் அடிமை முறைக்கு எதிரிகள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் முடியாது. பிரபுக்கள் சங்கமே 1843இல் இங்கிருந்து கிழக்கே நாசாவ் என்ற தோட்டத்தை அடிமைகளோடு நடத்தியது.

அந்த ஓட்டுக்கு விலை கொடுத்தார்கள். இராணுவச் சட்டம் வந்தது. கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து தப்பி மெக்சிகோவுக்குப் புறப்பட்ட அறுபது பேருக்கு மேற்பட்ட ஒரு கூட்டத்தை, 1862 ஆகஸ்ட் 10 விடியுமுன் நுவேசஸ் ஆற்றங்கரையில் தென்மாநிலப் படை சுற்றிவளைத்தது. சண்டையில் 19 பேர் இறந்தார்கள். காயம்பட்டுக் கிடந்த ஒன்பது பேரைப் பிறகு சுட்டுக் கொன்றார்கள். உடல்களைப் புதைக்கவும் விடவில்லை. போர் முடிந்த பிறகு உறவினர்கள் போய் எலும்புகளைப் பொறுக்கி வந்து, பக்கத்து ஊரான கம்ஃபர்ட்டில் புதைத்து, 1866இல் ஒரு கல் எழுப்பினார்கள். அதில் ஜெர்மன் மொழியில் 'ட்ராய டெர் யூனியன்' என்று பொறித்திருக்கிறது: ஒன்றியத்துக்கு, அதாவது பிரியாத அமெரிக்காவுக்கு, விசுவாசம். தென்மாநிலப் பகுதியில் ஒன்றியத்துக்காக எழுந்த நினைவுக்கல், அதுவும் ஜெர்மன் மொழியில்.

கில்லஸ்பி மாவட்டத்திலேயே 'தூக்குக் கும்பல்' என்று ஜனங்கள் அழைத்த ஒரு கூட்டம் ராத்திரியில் வீடு புகுந்து ஆட்களை இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது. இறந்தவர்களில் ஒரு பள்ளி ஆசிரியரும் உண்டு. இந்த வருடங்கள் அந்த ஜனங்களை உள்நோக்கித் திருப்பிவிட்டன என்று நினைக்கிறேன். வெளியே நம்ப ஆளில்லை என்றால், தங்கள் தேவாலயம், தங்கள் பாட்டுக் குழு, தங்கள் துப்பாக்கி சுடும் சங்கம், தங்கள் மொழி என்று ஒரு வேலி போட்டுக்கொள்வது இயல்புதானே.

மொழி எப்படி நின்றது, எப்படிப் போனது

வேலியை நிலமும் போட்டுக்கொடுத்தது. குன்றுகள் குறுக்கே நின்றதால் ரயில் இந்த ஊருக்கு 1913 வரை வரவில்லை. அதற்காக ஒரு குன்றைக் குடைந்து 920 அடி நீளச் சுரங்கப்பாதை போட வேண்டியிருந்தது. அந்த ரயில் நஷ்டத்திலேயே ஓடி 1942இல் நின்றுபோயிற்று. சுரங்கம் இன்னும் இருக்கிறது, கோடையில் இலட்சக்கணக்கான வௌவால்கள் அதில் குடியிருக்கின்றன, அந்திக்கு அவை புகை மாதிரி சுழன்று வெளியேறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. ரயில் இல்லாத அறுபத்தேழு வருடங்களில் வெளியாட்கள் பெரிதாக வந்து குடியேறவில்லை. கடையில், கோயில் பிரசங்கத்தில், வீட்டில் ஜெர்மன்தான். 1877இல் தொடங்கிய 'வோஹென்பிளாட்' என்ற வாரப் பத்திரிகையும் ஜெர்மன் மொழியில் வந்தது.

ஆனால் அது பெர்லின் ஜெர்மன் இல்லை. பல வட்டாரத்தார் ஒன்றாகக் கலந்து பேசி, ஆங்கிலமும் சேர்ந்து, 'டெக்சாஸ் ஜெர்மன்' என்று மொழியியலார் அழைக்கும் தனி வழக்காக ஆயிற்று. உதாரணத்துக்கு, ஸ்கங்க் என்ற நாற்றமடிக்கும் பிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அது கிடையாது, இவர்களுக்குப் பழகிய பெயரும் இல்லை. இவர்கள் 'ஷ்டிங்க்-காட்ஸ' என்றார்கள், நாற்றப் பூனை! விமானத்துக்கு 'லுஃப்ட்ஷிஃப்', காற்றுக் கப்பல். ஜெர்மனியில் விமானத்துக்கு வேறு சொல் புழக்கத்துக்கு வந்தது, அது இங்கே வந்து சேரவில்லை. கப்பலேறிய பிறகு இரண்டு மொழிகளும் வேறு வேறு திசையில் நடந்தன என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

முதல் உலகப்போரில் ஜெர்மனி எதிரி நாடானது. 1918இல் டெக்சாஸ் அரசு, பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கியது. பள்ளியில் மொழி போனால் அடுத்த தலைமுறைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேச மட்டும் தெரியும். அதற்கடுத்த தலைமுறைக்குக் கேட்டால் புரியும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போர் மிச்சத்தையும் கொண்டுபோயிற்று. 1940 வாக்கில் டெக்சாஸ் முழுவதும் ஒன்றரை இலட்சம் பேர் இந்த வழக்கைப் பேசினார்கள் என்று கணக்கு. இப்போது பேசுபவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். 2001 முதல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் போவாஸ் என்ற மொழியியல் பேராசிரியர் தலைமையில் அவர்களுடைய குரல்களைப் பதிவு செய்து சேர்த்துவைக்கிறார்கள்.

அதே இரண்டாம் போரில் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்கக் கடற்படையை நடத்தியவர் இந்த ஊர்ப் பிள்ளை. செஸ்டர் நிமிட்ஸ், 1885 பிப்ரவரி 24 அன்று பிரெடெரிக்ஸ்பர்க்கில் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். தாத்தா சார்லஸ் நிமிட்ஸ் பிரெமன் நகரிலிருந்து வந்தவர், 1855 முதல் பிரதானச் சாலையில் விடுதி நடத்தினார். கடல் கண்ணுக்கெட்டாத ஊரில், அந்த விடுதியின் முகப்பை நீராவிக் கப்பல் மாதிரி கட்டிவைத்திருந்தார். 1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்த பத்திரத்தில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் அந்தப் பேரன். விடுதி இப்போது பசிபிக் போர் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அங்கே ஜப்பான் மக்கள் 1976இல் பரிசாகக் கொடுத்த அமைதித் தோட்டமும் இருக்கிறது.

இன்றைக்கு ஊர் பிழைப்பது பெரும்பாலும் சுற்றுலாவில். கில்லஸ்பி மாவட்டத்துப் பீச் பழத்துக்கு டெக்சாஸ் முழுவதும் பெயர் உண்டு. அப்புறம் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் விடுதிகளும். வீட்டில் திரிந்த பாலின் திரளைப் புளிக்கவைத்துக் காய்ச்சிச் செய்யும் 'கோஹ்கேஸ' என்ற பாலாடைக்கட்டியும், புகையிட்ட தொத்திறைச்சியும் பழைய கைப்பக்குவத்தில் மிஞ்சியிருப்பவை. பிரதானச் சாலையின் பெயர்ப்பலகைகளில் ஜெர்மன் சொற்கள் நிறையத் தெரியும். பொம்மைத்தனமான அலங்காரமும் அதில் உண்டு, பவேரிய மலைநாட்டுத் தோற்றத்தை ஒட்டவைத்த கடைகளைப் பார்க்கலாம். முதல் வண்டிகளில் வந்தவர்களில் பெரும்பாலோர் பவேரியாக்காரர்களே இல்லை. ஊர் நடுவிலுள்ள சதுக்கத்திலிருந்து பிரதானச் சாலையில் கிழக்கே போனால் குறுக்குத் தெருக்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'ஆல் வெல்கம்' என்று படிக்கலாம், மேற்கே போனால் 'கம் பேக்'. எல்லாரும் வருக, மறுபடி வருக.

அந்தக் குட்டி ஞாயிறு வீடுகளில் பல இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. பரணில் மெத்தை போட்டு, கீழே குளியலறை கட்டி, ஆஸ்டினிலிருந்தும் சான் அன்டோனியோவிலிருந்தும் வருபவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வெள்ளி, சனிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கும்.